குளிசைப் பையைத் திறந்து பார்ப்பது யார்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், இலண்டன் புறநகர் ஒன்றிலுள்ள குடும்ப வைத்திய நிலையத்தில் மருந்தாளராகப் பணியாற்றிக் கொண்டிருந்த வேளையில், எழுபது வயதைத் தாண்டிய தாயொருவர் தமது மகளுடன் என்னைக் காண வந்திருந்தார். இரு கால்களும் கணுக்காலில் வீங்கியிருந்தன. வீக்கத்துக்காக நீர் வெளியேற்றும் குளிசை கொடுக்கப்பட்டிருந்தது. அதன் பின்னர் இரவில் மலசலகூடத்துக்கு எழுந்தபோது தலைசுற்றி இரு தடவைகள் விழுந்துமிருந்தார். "மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தமையால், கடைப்பை ஒன்றில் அனைத்தையும் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். அதில் இங்கு எழுதிக் கொடுக்கப்பட்ட இரத்த அழுத்தக் குளிசையான அம்லோடிபைன் இருந்தது. ஊருக்குப் போனபோது கொழும்பில் வாங்கிய வேறொரு பெட்டியும் இருந்தது. பெட்டியின் பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்து அதே அம்லோடிபைன்.

"இரண்டையும் போடுறீங்களா அம்மா?" என்று கேட்டேன். "ஓம் தம்பி. இஞ்சை தந்தது வேறை, ஊரிலை வாங்கினது வேறை. நிறமே வேறை தானே" என்றார்.

கால் வீக்கம் அம்லோடிபைன் மருந்தின் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. அளவு கூடக்கூட வீக்கமும் கூடும். அந்த வீக்கத்தைப் புதிய நோயாகக் கருதி இன்னொரு குளிசை சேர்க்கப்பட்டது. அந்தக் குளிசை தலைசுற்றலைக் கூட்டியது. தலைசுற்றலுக்கும் ஒரு குளிசை சேர்ந்திருக்கக்கூடும். இங்கே எவரும் தவறான எண்ணத்துடன் எதையும் செய்யவில்லை. பத்து நிமிடச் சந்திப்பில் வைத்தியர் காலைப் பார்த்தார். பையைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமிருக்கவில்லை. வைத்தியருடன் கலந்து பேசி இரண்டு குளிசைகளை நிறுத்துவதற்கு எனக்கு நாற்பது நிமிடங்கள் தேவைப்பட்டன.

அந்த நாற்பது நிமிடங்களுக்கு யார் பணம் கொடுப்பது? அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அந்த மேசையில் ஒருவர் இருப்பார் என்பதற்கு யார் பொறுப்பு? இந்த இரண்டு கேள்விகளுமே இக்கட்டுரையின் பொருள். இவை நிர்வாகிகளுக்கும் கணக்காளர்களுக்கும் மட்டும் உரிய கேள்விகள் என எம்மவர்கள் ஒதுங்கியிருப்பது இனியும் பொருத்தமானதல்ல.

இந்தச் சேவை எதற்காக?

மருந்தாளர் என்றதும் எம்மவர் மனதில் தோன்றுவது, மருந்தகத்தில் சீட்டை வாங்கிப் பெட்டியை எடுத்துத் தருபவரின் உருவமே. அது முக்கியமான பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இங்கு நாம் பேசுவது வேறொரு பணியைப் பற்றியது. வைத்தியசாலை விடுதியில் தங்காது, வைத்திய நிலையத்துக்கு வந்து போகும் நோயாளருடன் அமர்ந்து, அவருடைய மருந்துகள் அனைத்தையும் ஒன்றாக வைத்து, எது தேவை, எது தேவையில்லை, எது எதனுடன் மோதுகிறது, எதை அவர் உண்மையில் உட்கொள்கிறார், எதை அலுமாரியில் வைத்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறார் என்பவற்றையெல்லாம் ஆராய்ந்து, இரத்தப் பரிசோதனை முடிவுகளுடன் ஒப்பிட்டு, வைத்தியருடன் சேர்ந்து மாற்றங்களைச் செய்து, பின்னர் அந்த மாற்றத்தின் விளைவையும் தொடர்ந்து கவனிப்பதே வெளிநோயாளர் சிகிச்சையில் மருந்தாளரின் பணியாகும்.

இதன் தேவை எவ்வளவு என்பதற்குப் பிரித்தானிய அரசின் ஆவணமே சான்று. இங்கிலாந்தின் தலைமை மருந்தாளராக இருந்த கீத் ரிட்ஜ் தலைமையில் மேற்கொள்ளப்பட்டு 2021 செப்டெம்பரில் வெளியான ஆய்வறிக்கை, குடும்ப வைத்தியத் துறையில் வழங்கப்படும் மருந்துகளில் 10 வீதம் வரை தேவையற்றவையாக இருக்கலாம் எனக் கூறியது. மக்களில் 15 வீதமானோர் நாளொன்றுக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை உட்கொள்வதாகவும், 65 வயதுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் ஐந்து தடவைகளில் ஒன்று மருந்துகளின் தீய விளைவால் நேர்வதாகவும் அது சுட்டிக்காட்டியது. நோயைத் தீர்க்கக் கொடுத்த மருந்தே நோயாளரை வைத்தியசாலைக்கு அனுப்புகிறது என்பது கசப்பான உண்மை.

கனடாவிலும் இதே நிலைதான். 2000களின் நடுப்பகுதியில் ஒன்ராறியோ மாகாணத்தின் ஏழு குடும்ப வைத்திய நிலையங்களில் மருந்தாளர்களை அமர்த்தி ஆய்வொன்று நடத்தப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் நோயாளர்களின் மருந்துகள் ஆராயப்பட்டபோது, பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஆகக்குறைந்தது ஒரு மருந்துச் சிக்கலாவது இருப்பது கண்டறியப்பட்டது.

ஆகவே தேவை உண்டா என்ற விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்படியானால் இத்தகைய சேவைகள் ஏன் தோன்றித் தோன்றி மறைகின்றன? தொடங்கிவைப்பதில் காட்டப்படும் ஆர்வம் நிலைநிறுத்துவதில் ஏன் காட்டப்படுவதில்லை?

தலையை எண்ணினால் தலை மட்டுமே கிடைக்கும்

இங்கிலாந்தில் 2005 ஆம் ஆண்டு, மருந்தகங்களில் "மருந்துப் பயன்பாட்டு மீளாய்வு" என்னும் சேவை தொடங்கப்பட்டது. நோயாளரைத் தனியறையில் அமர்த்தி மருந்தாளர் அவருடைய மருந்துகளைப் பற்றி உரையாட வேண்டும். ஒவ்வொரு மீளாய்வுக்கும் ஒரு குறிப்பிட்ட தொகை. பின்னாளில் அது 28 பவுண்களாக இருந்தது. ஒரு மருந்தகம் ஆண்டுக்கு 400 மீளாய்வுகள் வரை செய்யலாம். அதாவது ஆண்டொன்றுக்கு 11,200 பவுண்கள் வரை வருமானம்.

நோக்கம் நல்லது. ஆனால் பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதுவே விளைந்தது. கொடுக்கப்பட்டது எண்ணிக்கைக்காக. எனவே 400 என்ற உச்சவரம்பு பல இடங்களில் இலக்காக மாறியது. சிக்கலான பத்து மருந்துகளுடன் வரும் முதியவருக்கும், இரண்டே மருந்துகளுடன் வரும் நடுத்தர வயதினருக்கும் ஒரே தொகை என்றால், அவசரத்தில் இருக்கும் மருந்தகம் யாரை அறைக்குள் அழைக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மேலும், மருந்தாளரிடம் நோயாளரின் முழுமையான மருத்துவப் பதிவேடு இருக்கவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு தெரியாது. மருந்தை மாற்றும் அதிகாரமும் கிடையாது. அவர் எழுதி அனுப்பிய குறிப்பு வைத்தியரின் மேசையில் மற்றக் கடிதங்களோடு சேர்ந்துகொண்டது. 2011 இல், பயன் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய நோயாளர் பிரிவினருக்கு முன்னுரிமை வழங்க வேண்டுமெனத் திருத்தங்கள் கொண்டுவரப்பட்டன. பின்னர் உச்சவரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2021 மார்ச் மாதத்துடன் சேவை முற்றாக முடிவுக்கு வந்தது. பதினாறு ஆண்டுகள் நடந்த ஒரு சேவை மறைந்தபோது, அதற்காகத் தெருவில் இறங்கிய நோயாளர் எவருமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் 2007 இல் தொடங்கிய "மெட்ஸ்செக்" திட்டத்தின் கதையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. நாட்பட்ட நோய்க்காக மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை எடுப்பவருக்கு ஆண்டுக்கொரு தடவை மருந்தாளருடன் இருபது முப்பது நிமிட உரையாடல்; மருந்தகத்துக்கு அரசு தரும் தொகை 60 டொலர்கள். 2024 இல், தமது நிறுவனங்கள் எண்ணிக்கை இலக்குகளை விதித்துத் தம்மை நெருக்குவதாக மருந்தாளர்களே முறையிட்டதையும், ஒன்ராறியோ மருந்தாளர் கல்லூரி அதனைப் பாரதூரமான விடயமாக எடுத்துக்கொண்டதையும் ரொறன்ரோவில் வாழும் எம்மவர்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. இங்கிலாந்தில் 2011 இல் தொடங்கிய "புதிய மருந்துச் சேவை", ஒருவருக்கு முதன்முறையாக ஒரு மருந்து எழுதப்படும்போது, அடுத்த சில வாரங்களுக்குள் இரு தடவைகள் மருந்தாளர் அவருடன் பேசுவதற்கு வழிசெய்கிறது. 504 நோயாளர்களைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனையில், பத்து வாரங்களின் பின்னர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர்கள், சேவை பெறாதோரில் ஏறத்தாழ 61 வீதமாகவும் பெற்றோரில் 71 வீதமாகவும் இருந்தனர். இதுவும் மருந்தகச் சேவைதான்; இதற்கும் தொகைதான் வழங்கப்படுகிறது. ஆனால் யாருக்கு, எந்தக் கட்டத்தில், எதற்காக என்ற வரையறை தெளிவாக இருந்தது. தொடக்கத்திலேயே அளந்து பார்க்கப்பட்டது. எனவே நிலைத்தது.

முன்னோடித் திட்டம் என்னும் பொறி

அடுத்த பாடம் முன்னோடித் திட்டங்களைப் பற்றியது. 2015 இல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, குடும்ப வைத்திய நிலையங்களுக்குள்ளேயே மருந்தாளர்களை அமர்த்தும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. இதற்கென 31 மில்லியன் பவுண்கள் ஒதுக்கப்பட்டன. முதலாம் ஆண்டில் செலவின் 60 வீதத்தையும், இரண்டாம் ஆண்டில் 40 வீதத்தையும், மூன்றாம் ஆண்டில் 20 வீதத்தையும் சுகாதார சேவை தரும். மிகுதியை வைத்திய நிலையம் ஏற்கும். அதன் பின்னர் முழுச் செலவும் நிலையத்தினுடையது என்பதே ஏற்பாடு.

இதிலுள்ள சிந்தனை தெளிவானது. மூன்று ஆண்டுகளில் மருந்தாளரின் பெறுமதியை நிலையம் உணர்ந்துகொள்ளும். பின்னர் தானே வைத்துக்கொள்ளும் என்பதாகும். ஆனால் மருந்தாளரால் மிச்சமாகும் பணம் யாருடைய பையில் மிச்சமாகிறது? ஒரு முதியவர் விழாமல் தடுக்கப்பட்டால் மிச்சப்படுவது வைத்தியசாலையின் செலவு. தேவையற்ற மருந்து நிறுத்தப்பட்டால் மிச்சப்படுவது மருந்துக்கான பொது நிதி. சம்பளம் கொடுப்பதோ சின்னஞ்சிறு வைத்திய நிலையம். செலவு ஓரிடத்தில், பயன் வேறோரிடத்தில் என்றிருக்கும் வரை எந்தச் சேவையும் அன்பளிப்பில் ஓடும் வண்டியாகவே இருக்கும்.

இதை உணர்ந்துதான் போலும், 2019 இல் அணுகுமுறை மாற்றப்பட்டது. 30,000 முதல் 50,000 வரையான நோயாளர்களைக் கொண்ட அயல் நிலையங்கள் ஒரு வலையமைப்பாக ஒன்றிணைக்கப்பட்டு, அவை அமர்த்தும் மருந்தாளரின் சம்பளத்தில் முதலாண்டில் 70 வீதமும், 2020 ஏப்ரலிலிருந்து 100 வீதமும் மீள வழங்கப்படலாயிற்று. 2020 ஒக்ரோபரிலிருந்து, விரிவான மருந்து மீளாய்வு என்பது இவ்வலையமைப்புகளின் ஒப்பந்தக் கடமைகளில் ஒன்றாகவும் ஆக்கப்பட்டது. இங்கிலாந்தின் குடும்ப வைத்திய நிலையங்களில் மருந்தாளரைக் காண்பது இன்று வழமையான விடயமாகிவிட்டது என்றால், அதற்கு இந்த நிதி ஏற்பாடே முதற்காரணம்.

ஆயினும் இதிலும் குறைகள் இல்லாமலில்லை. சம்பளத்துக்குப் பணம் வந்தது. ஆனால் அறைக்கும், மேற்பார்வையிடும் வைத்தியரின் நேரத்துக்கும் போதிய பணம் வரவில்லை. ஒரே மருந்தாளர் ஐந்து நிலையங்களுக்குப் பங்கிடப்பட்டு, எந்த நிலையத்திலும் வேரூன்றாமல் கணினித் திரையில் மீள்மருந்துக் கோரிக்கைகளை அங்கீகரிப்பவராகவே நாளைக் கழிக்கும் நிலைமையும் உண்டு. மருந்தகங்களில் இருந்த அனுபவசாலிகள் வைத்திய நிலையங்களை நோக்கி நகர்ந்ததால், மருந்தகங்கள் ஆளின்றித் தவித்ததையும் மறைக்க முடியாது. ஒரு கையால் கட்டி மறு கையால் இடிப்பது கட்டியெழுப்புதல் ஆகாது.

ஒன்ராறியோ 2005 இலிருந்து உருவாக்கிய குடும்ப சுகாதாரக் குழுக்கள் இவ்விடயத்தில் கவனிக்கத்தக்கவை. அங்கு மருந்தாளர் குழுவின் சம்பளம் பெறும் உறுப்பினர். எத்தனை பேரைப் பார்த்தார் என்பதில் அவருடைய வருமானம் தங்கியிருக்கவில்லை. ஆனால் இத்தகைய குழுவில் இல்லாத குடும்ப வைத்தியரிடம் செல்லும் நோயாளருக்கு அந்த வசதி கிட்டுவதில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலோ சட்டமே தடையாக நிற்கிறது. முதியோருக்கான மெடிக்கெயார் காப்புறுதியின் வெளிநோயாளர் பிரிவு, மருந்தாளரைத் தனித்துக் கட்டணம் கோரக்கூடிய சிகிச்சையாளராக ஏற்றுக்கொள்வதில்லை. எனவே அவருடைய உழைப்பு வைத்தியரின் பெயரால் குறைந்த விலைக்குப் பதிவாகிறது. வட கரோலினாவின் அஷ்வில் நகரசபை, 1990களின் பிற்பகுதியில், நீரிழிவு நோயுள்ள தனது ஊழியர்களுடன் மருந்தாளர்கள் தொடர்ந்து உரையாடுவதற்குத் தானே பணம் கொடுத்து, நோயும் செலவும் குறைந்ததைக் கண்டது. அங்கு செலவு செய்தவரும் பயனடைந்தவரும் ஒருவரே. அதனால்தான் அது சாத்தியமாயிற்று.

என் சொந்தத் தோல்வி

மற்றவர்களின் குறைகளைச் சொல்லிவிட்டு என்னுடையதை மறைப்பது நேர்மையாகாது.

மேலே குறிப்பிட்ட அம்மாவின் அனுபவத்தின் பின்னர், அந்த நிலையத்தில் ஒவ்வொரு வியாழக்கிழமை பிற்பகலிலும் தமிழில் மருந்து மீளாய்வு செய்யத் தொடங்கினேன். நிர்வாகியின் வாய்மொழி அனுமதி மட்டுமே இருந்தது. செய்தி வாய்வழியாகப் பரவியது. சில மாதங்களுக்குள், மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டிய அளவுக்குப் பட்டியல் நீண்டது. பிள்ளைகளின் முன்னால் சொல்லக் கூச்சப்பட்ட விடயங்களை முதியோர் என்னிடம் கூறினர். அதில் நான் பெருமையடைந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

பின்னர் குடும்பக் காரணத்துக்காக நான்கு மாத விடுப்பில் செல்ல நேர்ந்தது. திரும்பி வந்தபோது வியாழக்கிழமைப் பிற்பகல் வேறொரு பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, நிர்வாகியும் மாறியிருந்தார். எத்தனை பேரைப் பார்த்தேன், எத்தனை மருந்துகள் நிறுத்தப்பட்டன, எவருக்கு என்ன நன்மை விளைந்தது என்று கேட்டார். என்னிடம் நினைவுகள் இருந்தன; பதிவுகள் இருக்கவில்லை. அந்தச் சேவை என்னுடைய நல்லெண்ணத்தில் நின்றது. நான் நகர்ந்ததும் விழுந்துவிட்டது. பட்டியலில் காத்திருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது எனக்குத் தெரியாது என்பதே இன்றுவரை என்னை உறுத்தும் விடயம்.

ஒரு மனிதரின் அர்ப்பணிப்பில் தங்கியிருப்பதை நாம் சேவை என்று அழைக்கிறோம். உண்மையில் அது ஒரு தற்செயல் மட்டுமே.

நிலைத்து நிற்க என்ன வேண்டும்?

மேற்கூறிய வெற்றிகளிலிருந்தும் தோல்விகளிலிருந்தும் எனக்குப் புலப்படுவன இவை.

முதலாவது, மருந்தாளரின் பணி நிலையத்தின் நிரந்தர நிதியிலிருந்து சம்பளமாக வழங்கப்பட வேண்டும். தலைக்கு இவ்வளவு என்ற கொடுப்பனவு, இலகுவான நோயாளரைத் தேடச் செய்யும். சிக்கலான நோயாளரைத் தவிர்க்கச் செய்யும். முன்னோடி நிதியில் தொடங்குவதாயின், அது முடிந்த பின்னர் யார் பொறுப்பேற்பார் என்பது முதல்நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அதே மருந்தாளர், அதே நிலையத்தில், அதே நாட்களில் இருக்க வேண்டும். ஒரு மருந்தை நிறுத்துவது ஒரே நாளில் முடியும் காரியமல்ல. பல ஆண்டுகள் உட்கொண்ட தூக்கக் குளிசையையோ வலிநிவாரணியையோ குறைப்பதற்கு மாதங்கள் தேவை, நம்பிக்கையும் தேவை. முகம் மாறிக்கொண்டேயிருந்தால் நம்பிக்கை பிறக்காது.

மூன்றாவது, பதிவேடும் அதிகாரமும். பிரித்தானியாவில் உரிய பயிற்சி பெற்ற மருந்தாளர் 2006 இலிருந்து தாமே மருந்தெழுதச் சட்டம் இடமளிக்கிறது. அதிகாரம் இருந்தும், எந்தெந்த நோயில் எந்த எல்லை வரை மருந்தாளர் முடிவெடுக்கலாம், எங்கே வைத்தியரிடம் திருப்ப வேண்டும் என்ற எழுத்திலான உடன்பாடு இல்லாவிட்டால், அவர் ஆலோசனைக் கடிதம் எழுதுபவராகவே நின்றுவிடுவார்.

நான்காவது, அளவீடு. நூறு அட்டவணைகள் தேவையில்லை. எத்தனை மருந்துகள் நிறுத்தப்பட்டன அல்லது மாற்றப்பட்டன, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உரிய அளவுக்குள் வந்தோர் எத்தனை பேர், ஆபத்தான சேர்க்கைகள் எத்தனை கண்டறியப்பட்டன, நோயாளர் தமது மருந்தின் நோக்கத்தைத் தாமே சொல்ல முடிகிறதா என்ற நான்கைந்து கேள்விகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விடை இருந்தால் போதும். நிர்வாகி மாறினாலும் அந்த விடைகள் மாறாமல் இருக்கும்.

ஐந்தாவது, இரண்டாவது ஆள். ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றவர் தொடர வேண்டும். பயிற்சியில் இருக்கும் இளம் மருந்தாளர் அருகில் அமர்ந்து கற்க வேண்டும். அயலிலுள்ள மருந்தகமும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருக்க வேண்டும். வைத்திய நிலையத்தில் நிறுத்தப்பட்ட குளிசை, மருந்தகத்தின் பொதியில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் எல்லா உழைப்பும் வீணே.

எம்மவர் பொறுப்பு

இவை எல்லா மக்களுக்கும் பொதுவானவை. எம்மவர்க்கென்று சில தனித்த ஆபத்துகளும் உண்டு. தெற்காசியர்களை நீரிழிவு இளவயதிலேயே, குறைந்த உடற்பருமனிலேயே தாக்குகிறது என்பது அறிந்ததே. ஊரிலிருந்து வரும் பயணப்பெட்டியில் மருந்தும் வருகிறது. முழங்கால் வலிக்கென வாங்கி வரும் டைக்குளோபினாக் போன்ற வலிநிவாரணியை, ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்தக் குளிசையுடனும் நீர் வெளியேற்றும் குளிசையுடனும் சேர்த்து உட்கொண்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையக்கூடும். கந்தசஷ்டி விரதத்தில் ஆறு நாட்கள் உணவைத் தவிர்ப்பவர், கிளிக்ளசைட் குளிசையையோ இன்சுலினையோ வழமைபோல எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டபக்ளிஃப்ளோசின் வகை மருந்து எடுப்பவர் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் பெருகும் அபாயமும் உண்டு. விரதத்தைக் கைவிடுங்கள் என்று சொல்வது என் நோக்கமல்ல. விரதத்துக்கு முன்னரே மருந்தாளரிடம் சொன்னால் பாதுகாப்பான வழியைக் காணலாம். சொல்வதற்கு மொழி வேண்டும்; கேட்பதற்கு ஆள் வேண்டும்.

பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வது எம்மிடையே வழமை. பதினான்கு வயதுப் பிள்ளையின் வாயால் தன் மலச்சிக்கலையோ மனச்சோர்வையோ கூற எந்தப் பாட்டியும் விரும்பமாட்டார். இங்கிலாந்தில் வைத்திய நிலையங்கள் ஊடாக உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். ஆனால் பலரும் கேட்பதில்லை. கேட்காததைத் தேவையில்லாதது என நிர்வாகம் கணக்கில் எடுக்கிறது.

எமது சங்கங்களும் ஆலயங்களும் ஆண்டுதோறும் மருத்துவ முகாம்கள் நடத்துகின்றன. இரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது, மதிய உணவுடன் கலைகிறோம். அந்த உழைப்பை நான் இகழவில்லை. ஆயினும் அதே உழைப்பின் ஒரு பகுதியை நிலையான இடத்தில் செலுத்தினால் என்ன? இங்கிலாந்தின் ஒவ்வொரு குடும்ப வைத்திய நிலையமும் நோயாளர் பங்கேற்புக் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டுமென்பது 2015 இலிருந்து ஒப்பந்த விதி. அந்தக் குழுக்களில் எம்மவர் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறோம்? தமிழர் செறிந்து வாழும் ஹரோவிலோ நியூஹாமிலோ குறொய்டனிலோ, "எமது நிலையத்தின் மருந்தாளர் வாரத்தில் எத்தனை நாள் இருக்கிறார்? தமிழ் உரைபெயர்ப்புக்கு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா?" என்று எழுத்தில் கேட்டவர் எத்தனை பேர்? தமது மருத்துவப் பதிவில் முதன்மை மொழி தமிழ் என்று பதியச் செய்தவர் எத்தனை பேர்? பதிவில் இல்லாத மக்களுக்காக எந்த நிர்வாகமும் திட்டம் தீட்டுவதில்லை.

"வைத்தியரைப் பார்க்க வந்தால் மருந்துக்காரரிடம் தள்ளிவிடுகிறார்கள்" என்ற ஆதங்கத்தையும் நான் அடிக்கடி கேட்கிறேன். அதில் நியாயமும் உண்டு. வைத்தியர் பற்றாக்குறையை மூடிமறைக்க மருந்தாளரைப் பயன்படுத்தினால் அதனை எதிர்க்கத்தான் வேண்டும். நோயை இனங்காண்பது வைத்தியரின் பணி. ஆனால் பத்து மருந்துகளை ஒன்றாக வைத்து ஆராய்வதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் பயின்று வந்த ஒருவர் அங்கே இருக்கும்போது, அவரைத் தரக்குறைவான மாற்றாகக் கருதுவது எமக்கே இழப்பு. எம் பிள்ளைகள் எத்தனையோ பேர் இத்துறையில் பயின்று பணியாற்றுகிறார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. அவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: தனியொருவராகத் தமிழில் சேவை செய்யத் தொடங்குவது நல்லது, ஆனால் முதல் வாரத்திலேயே பதிவேடு ஒன்றைத் திறவுங்கள், நிர்வாகத்தின் எழுத்து அனுமதியைப் பெறுங்கள், உங்களுக்குப் பின் வரப்போகிறவரை அருகில் அமர்த்துங்கள். நான் செய்யத் தவறியவை இவையே.

நிறைவாக, வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டு முதியவரின் குளிசைகள் அனைத்தையும், ஊரில் வாங்கியவை, நாட்டு மருந்துகள், கடையில் வாங்கிய வலிநிவாரணிகள் உட்பட, ஒரு பையில் இடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். வைத்திய நிலையத்தை அழைத்து, மருந்தாளருடன் மருந்து மீளாய்வு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தமிழ் உரைபெயர்ப்பாளரையும் கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். மருந்துப் பயன்பாட்டு மீளாய்வு 2021 இல் மறைந்தபோது எவரும் குரல் கொடுக்கவில்லை. எனது வியாழக்கிழமைப் பிற்பகல் பறிபோனபோதும் எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நானும் எவருக்கும் சொல்லி வைத்திருக்கவில்லை. அந்த மேசையில் ஒருவர் தொடர்ந்து அமர்ந்திருக்க வேண்டுமாயின், அவர் இல்லாத நாளில் எங்கே என்று கேட்கும் மக்களும் இருக்க வேண்டும்.